பளபளப்புத் தேய்ந்த டயர்கள்

என் மகள் குமரிமுனையிலிருந்து காஷ்மீரம் வரை மோட்டார் சைக்கிளில் தனியே செல்ல முடிவு செய்திருந்தாள். அதைத் தடுத்துவிடும் உறுதியோடு, அவள் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள்முன் நின்றேன். அவளோ அன்று மாட்டிய புதிய டயர்களைக் காட்டினாள்.

"புது டயர் வழுக்கும்ப்பா. பளபளப்பு தேயுற வரைக்கும் மெதுவா ஓட்டணும். பொறத்த இருந்து வாறீங்களா?"

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை அவள் தோளைப் பற்றியபடி பின்னால் அமர்ந்திருந்தேன். வளைவுதோறும் என் உதடுகள் முணுமுணுத்தன. அவள் வண்டியை மெல்லச் சாய்த்து, மெல்லவே நிமிர்த்தினாள்.

"என்னப்பா, செபமா?"

"நீ ரோட்டைப் பாரு மக்களே."

வீடு திரும்பியதும் டயரைத் தடவிப் பார்த்தேன், சொரசொரத்தது. போகாதே என்று சொல்லவே வாயெடுத்தேன்.

"காலையில காத்து பாத்துட்டுப் போ" என்றேன்.

அவள் திரும்பும்வரை எனக்கு நல்லுறக்கம் இல்லை. ஆயினும் தொலைபேசியில், திரும்பி வா என்று ஒருமுறையும் சொல்லவில்லை. டயர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.