தையல்காரியின் சக்களத்தி

தையல்காரிக்குக் கல்யாணமான மறுவருடமே வீட்டுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள். கையும் காலும் இல்லாதவள். ஒரு மைக், நான்கு ஸ்பீக்கர், மேசை நிறைய ஒயர், அவ்வளவுதான். புருஷன் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக். ஊரார் பெட்டியெல்லாம் அவர் கைபட்டால் பேசும். வீட்டிலோ இதைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்.

அறையின் சத்தத்தை மைக் கேட்கும். இயந்திரம் அதை உருமாற்றி ஸ்பீக்கரில் விடும். விட்டதையே திரும்பக் கேட்டு, தன்னைத்தானே திருத்திக்கொண்டு பாடும். வாசிக்க ஆள் வேண்டாம். பன்னிரண்டு வருடம் திருகித் திருகி அவர் அதைப் பழக்கினார். அந்த வீட்டில் ஓயாமல் கேட்டது தையல்காரியின் திட்டுதான். அந்த அளவு சத்தம் எழுந்தால்தான் சனியன் கண்விழிக்கும் என்று ஆகிப்போனது. மெத்தப் படித்த புருஷன் காதுக்கு மட்டும் இது உறைக்கவே இல்லை.

ஒருவழியாகக் கலைக்கூடத்தில் அதைப் பாடவைக்க இடம் கிடைத்தது. முதல் நாள், கம்பளம் விரித்த அறையில் நாற்பது பேர் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். சக்களத்தி வாயே திறக்கவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம். இல்லேன்னா கழட்டிக்கிட்டுக் கிளம்புங்க," என்றார் கலைக்கூடத்து மேலாளர்.

புருஷன் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று பொறி தட்டியவராக, கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த தையல்காரியிடம் ஓடிவந்தார். "வீட்ல திட்டுவியே, அதே மாதிரி திட்டு."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"உன் கால்ல விழறேன்."

பாழாய்ப்போன மனசு, இரங்கிவிட்டது. மைக் முன் போய் நின்றாள். ஒழுகும் கூரையில் ஆரம்பித்தாள். இயந்திரம் முனகியது. அவள் குரல் ஏற ஏற அதுவும் ஏறியது. கூட்டம் சொக்கிப்போனது. பிறகு, சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது தானாக வந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. ஒரு எட்டு வாங்கன்னு அழுதேன். இப்பதான் சுருதி சேருதுன்னீங்க. நான் மட்டும் தனியா போய்ச் சேர்றதுக்குள்ள..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயந்திரமும் அடங்கியது.

"நிறுத்தாத, முள் இறங்குது," என்றார் அவர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் மறுபடி பாடியது. பாடப் பாட இன்னும் தட்டினார்கள். தெரு முனைவரை அவளுக்கு அது கேட்டது. அவள் இல்லாமலேயே நன்றாகப் பாடியது.