கயிற்றுக்கடைக்காரர் கண்ட பிறை

எதையும் அடித்துப் பேசாத மனிதருக்கு உள்ளுக்குள் எதிலாவது உறுதி இருக்குமா? பெரியபட்டினத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த வாவு முகம்மதுவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

ஒரு காலத்தில் அவர் பெரிய வாதக்காரர். வாதாடியே சொந்த மச்சானைப் பகைத்துக்கொண்டவர். சுதந்திரம் வந்த இரண்டொரு வருடத்தில், இராமநாதபுரம் வாசகசாலையில் ஒரு சிறிய தமிழ்ப் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. அமெரிக்கா தனி நாடானபோது இருந்த அரசியல்வாதி ஒருவரின் அறிவுரைகள். அவரும் இளமையில் வாதாடி மனிதர்களை இழந்தவராம். பிறகு 'நிச்சயமாக' போன்ற சொற்களை விட்டுவிட்டு, 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று பேசப் பழகினாராம். அந்தப் பெயர் வாவு முகம்மதுவின் வாயில் நுழையவில்லை. 'அமெரிக்கப் பெரியவர்' என்பார். அறிவுரையை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கயிறு தாங்குமா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார் ஒரு மீனவர்.

"தாங்கும்னு தோணுது."

"தோணுதா? கடல்ல கிடந்து சாகப்போறது நான்ல!"

வியாபாரம் கொஞ்சம் படுத்தது. மச்சான் மட்டும் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அதை ஞானம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். நல்ல பழக்கம் என்று சொல்லலாம்.

அப்போதெல்லாம் நோன்புப் பெருநாளுக்கான பிறைச் செய்தி வானொலியில் வராது. ரமலான் மாதத்து இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் ஊரே கடற்கரையில் நிற்கும். மேற்கே பனைகளுக்கு மேல் அத்தனை கண்களும் தேடும். அந்த நிற்றலின் அழகு இன்றைய பெருநாளுக்கு இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாலை. அவர் மருமகன் ஜெய்னுலாபுதீனுக்குக் கொழும்பில் வேலை. மறுநாள் பகல் ரயிலில் போய்க் கப்பல் ஏறியே தீரவேண்டும். மணமான பின் அவனும் மகள் நஸீராவும் ஒரு பெருநாளைக்கூடச் சேர்ந்து கொண்டாடியதில்லை. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தொழுதுவிட்டுக் கிளம்பலாம்.

மேகம் ஒரு நொடி விலகியது. கண்டவர்கள் இருவர்: வாவு முகம்மதுவும், தோணிக்காரர் கபீரும். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். பள்ளிவாசலில் கபீர் சொல்லி முடித்ததும், தொழுகை நடத்தும் ஹஸரத் வாவு முகம்மதுவின் பக்கம் திரும்பினார்.

"நீரும் கண்டீரா?"

"கண்டதாத் தோணுது ஹஸரத்."

"என்ன காக்கா, 'அந்தா பாரு'ன்னு எனக்கே கையைக் காட்டுனது நீங்கதானே!" என்றார் கபீர்.

"இது கயித்துக்கடை இல்ல காக்கா, பள்ளிவாசல்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

ஹஸரத் சிரிக்கவில்லை. "தோணுறதை வச்சு நான் ஊருக்குப் பெருநாள் சொல்ல ஏலாது. அல்லாஹ்வைச் சாட்சியா வச்சு 'கண்டேன்'னு சொல்லும். ஒரு சொல்லுதான்."

வாவு முகம்மது தூணோரம் நின்ற மருமகனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மேகம் இருந்துச்சு ஹஸரத்."

"அப்ப ஊருக்கு நாளைக்கு நோன்பு. கண்டது உறுதின்னா உமக்கு மட்டும் நாளைக்குப் பெருநாள்; நோன்பு வைக்கக் கூடாது, ஹராம். அது உமக்கும் படைச்ச ரப்புக்கும் உள்ளது."

கருத்துச் சொல்வது வேறு, சாட்சி சொல்வது வேறு. அமெரிக்கப் பெரியவரின் அறிவுரை முன்னதற்கானது. அன்று அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டாரா, இல்லை மகளுக்கான ஆசைதான் கண்ணில் பிறையாகத் தெரிந்ததோ என்று அஞ்சினாரா, தெரியவில்லை.

வீட்டில் நஸீரா கேட்டாள். "பொய் சொல்லவா சொன்னேன் வாப்பா? கண்டதைக் கண்டேன்னு சொன்னா என்ன?"



மறுநாள் ஊர் நோன்பிருந்தது. பயணம் போகிறவனுக்காக நஸீரா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் செய்து தூக்குச்சட்டியில் வைத்தாள். வாசலில் வண்டி. வழியனுப்பத் தெருவே நின்றது.

"வாரேன் மாமா."

வாவு முகம்மது அவன் கையிலிருந்த தூக்கைத் திறந்தார். ஒரு துண்டு எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி, நோன்பிருந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று நிதானமாகத் தின்றார்.