பேனருக்குப் பின்னால் ஒரு கை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் பேனா பிடித்தது மளிகைச் சாமான் எழுதவும் கையெழுத்துப் போடவும்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் உட்கார்ந்துவிடுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஆள் முன்னால் வராதவள். கல்யாணத்துக்குப் போனால் சமையல்கட்டுப் பக்கமாகத்தான் உட்காருவேன். போட்டோக்காரன் வந்தால் தூணைத் தேடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு பேண்டில் வாசித்தேன் என்றால் என் சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். வாசித்தேன் என்று சொல்வதும் பொய்தான். திருகினேன்.

மலேசியாவில், மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் என் தங்கச்சி மகளோடு இருக்கிறேன். தங்கச்சி போனபிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். வாரநாளில் பேக்டரி வேலை. தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, வாயில் மாஸ்க், கண்ணுக்கு முன்னால் பூதக்கண்ணாடி. பக்கத்தில் நிற்கிறவளுக்கே இவள் குரல் தெரியாது. சனி ஞாயிறில் ஒரு பேண்டில் கீபோர்டு வாசிக்கிறாள். கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் உண்டு. அந்த ரெண்டு நாளில்தான் இவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும்.

ஜொகூரில் யாரோ வேண்டாம் என்று விற்ற ஒரு சிந்தசைசரை ஒருநாள் வாங்கிவந்தாள். கட்டை கொஞ்சம்தான், திருகுதான் நிறைய. பெயர் வெர்ச்சுவல் அனலாக் என்றாள். அந்தக் காலத்து மெஷினுக்குள்ளே நிஜமாகவே கரண்டு ஓடி, சூடாகி, அதிலிருந்து சத்தம் வருமாம். இதற்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அந்தப் பழைய மெஷின் மாதிரியே செய்துகாட்டுமாம்.

"அப்ப இது பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய் இல்ல பெரியம்மா, நடிப்பு."

நடிப்பு என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. அவள் வேலைக்குப் போனதும் தூசி துடைக்கிற சாக்கில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகிப் பார்ப்பேன். அதன் இங்கிலீஷ் பெயர்களெல்லாம் எனக்கு வராது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு திருகை மூடினால் சத்தம் சட்டிக்குள் போட்டு மூடியது போல் அமுங்கும், திறந்தால் பளிச்சென்று வெளியே வரும். அதற்கு மூடி என்று பெயர். பக்கத்துத் திருகைக் கூட்டினால் ஜலதோஷம் பிடித்தவர் பாடுகிற மாதிரி இருக்கும். அது மூக்கு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகவைக்கிற திருகு ஒன்று உண்டு. அது வழுக்கல். ஒருநாள் மதியம் மூடியையும் மூக்கையும் சேர்த்துத் திருகி, அவள் பேண்டின் லீடர் தொண்டையைக் கனைக்கிற சத்தத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் கேட்டாள். வாசிக்கும்போது அவளுக்கு ரெண்டு கையும் கட்டையில் இருக்கும், மூடியைத் திறக்கவும் மூடவும் மூன்றாவதாக ஒரு கை வேண்டும், நீங்கள் வாங்களேன் என்றாள். மேடைக்கா, நானா என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அவள் விடவில்லை. பேண்டின் பெயர் போட்ட துணி பேனர் ஒன்று உண்டு. அதை மெஷினை ஒட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் எனக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். இடுக்கு வழியாக என் கை மட்டும் வெளியே போகும். பேனருக்கு அடியில் அவள் கால் என் காலைத் தட்டும். ஒரு தட்டு என்றால் திற. ரெண்டு தட்டு என்றால் மூடு.

லீடருக்கு இது தெரியாது. மீசைக்கு மை போட்ட ஆள், கோபக்காரர், மற்றபடி நல்லவர். அவர் பார்வையில் நான் பொண்ணுக்குத் துணையாக வந்து காற்றாட உட்கார்ந்திருக்கிற கிழவி. ஒருதடவை அவளைப் பார்த்து, எப்படிம்மா வாசித்துக்கொண்டே திருகுகிறாய், உனக்கென்ன மூன்று கையா என்று கேட்டார். பிராக்டிஸ் அண்ணே என்றாள். பேனருக்குப் பின்னால் நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

மெஷினில் ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு நம்பரில் போட்டுவைத்திருப்பாள். பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் அந்த நம்பரை மாற்றித் தட்டிவிட்டாள். தாலாட்டு மாதிரி வரவேண்டிய இடத்தில் ராக்கெட் கிளம்புகிற சத்தம் வந்தது. கேக் வெட்டவந்த பிள்ளை அழுதுவிட்டது. லீடர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உனக்கு சீட் இல்லம்மா. எல்லா மியூசிக்கையும் பெண்டிரைவ்ல போட்டுக்குவேன். பெண்டிரைவ் தப்பு பண்ணாது லா."

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்கடுத்த நிகழ்ச்சி ஜாசின் பக்கம் ஒரு மண்டபத்தில் மத்தியான நிச்சயதார்த்தம். அந்த மண்டபத்தில் உருமி மேளம் கூடாது என்று கட்டளை, வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகளோ கடைசியில் ஆட உருமி கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். லீடர் யோசித்தார். உருமிதானே கூடாது, மெஷின் கூடாது என்று எழுதவில்லையே, நீ அதில் கொண்டுவந்துவிடு என்றார்.

வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் ஊம் என்று முனகுமே, அந்த முனகல் லேசில் வரவில்லை. முதலில் தவளை வந்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள். வழுக்கலை நன்றாகக் கூட்டி, மூக்கைக் கொஞ்சமாக வைத்து, காற்றுச் சத்தத்தையும் ஒரு சிட்டிகை கலந்தபோது ஒரு மாதிரி நெருங்கியது. அந்த நேரம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, லெம்பு வாங்கி வீட்டுக்குள்ளே கட்டியிருக்கிறீர்களா, கத்துகிறதே, தண்ணீர் வைத்தீர்களா என்று கேட்டார். மாடு வரைக்கும் வந்துவிட்டோம், இனி உருமி பக்கம்தான் என்றாள் இவள். மறுநாள் வந்துவிட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இந்தத் தடவை தப்பே வரக்கூடாது என்று, பாட்டு வருகிற வரிசையிலேயே மெஷினில் நம்பர் போட்டுவைத்தாள். முதல் நம்பர், சீர்வரிசைத் தட்டுகள் உள்ளே வரும்போது வாசிக்கிற மெல்லிய சத்தம். கடைசி நம்பர் உருமி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் போகிற பொத்தானை ஒருதடவை தட்டினால் போதும். அந்த மெஷினில் ஒரு குணம் உண்டு. முதல் நம்பரில் இருந்துகொண்டு பின்னால் போகிற பொத்தானைத் தட்டினால் நிற்காது, சுற்றிக்கொண்டு கடைசி நம்பருக்குப் போய்விடும். அது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. யார் முதல் நம்பரிலிருந்து பின்னால் போகப்போகிறார்கள்?

மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகள் வந்தன. நான் மூடியை மெதுவாகத் திறந்தேன், அழகாக வந்தது. வரிசை முடிந்ததென்று லீடர் கை காட்ட, அவள் ரெண்டாம் நம்பருக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நியாலாஸ் பக்கத்திலிருந்து கிளம்பிய இன்னொரு பஸ் வந்து நின்றது. அதில் மாப்பிள்ளையின் அத்தையும் அவர்கள் தோட்டத்துப் பெண்களும். அவர்கள் கையிலும் தட்டுகள். லீடர் இவளைப் பார்த்து, பழைய சத்தத்துக்கே பின்னால் போ, பின்னால் போ என்று கையை ஆட்டினார். இவள் பதற்றத்தில் பொத்தானை ஒன்றுக்கு ரெண்டாகத் தட்டிவிட்டு, கட்டையில் கையை வைத்தாள்.

ஊம்ம்ம் என்று மண்டபமே முனகியது.

எனக்கோ பேனரைத் தவிர ஒன்றும் தெரியாது. இவள் கால் வெடவெடவென்று நடுங்கி என் காலில் மோதியது. நான் அதை திற, திற, திற என்று எடுத்துக்கொண்டேன். நல்ல தாராளமாகவே திறந்தேன்.

இனி நடந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். முதலில் ஒரு தட்டு விழுந்தது. ஆரஞ்சுப் பழங்கள் உருண்டன. "ஐயோ, அத்தைக்கு சாமி வந்திருச்சு" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அத்தைக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் சாமி வருமாம். உருமி கேட்டால் அடுத்த நிமிஷம் வருமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்?

லீடர் பிளக்கைப் பிடுங்க ஓடிவந்தார். பெண்கள் எல்லாரும், நிறுத்தாதே, சாமி நிற்கும்போது மேளத்தை நிறுத்தினால் அத்தைக்கு ஆகாது என்று சத்தம் போட்டார்கள். பிளக்கைப் பிடுங்க வந்த மனுஷன், "வாசிம்மா, வாசி, விட்டுடாத" என்று கெஞ்ச ஆரம்பித்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனர் ஓடிவந்து, மானா உருமி, உருமி எங்கே என்று மேடை முழுக்க உருமியைத் தேடினார். மேசைத் துணியைத் தூக்கிக்கூடப் பார்த்தார். வேப்பிலை கேட்டார்கள், கிடைக்கவில்லை. எலுமிச்சம்பழம் கேட்டார்கள், சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் லீமாவ் கஸ்தூரி வந்தது. குட்டி குட்டியாக இருந்தாலும் சாமி ஏற்றுக்கொண்டது.

பிறகு காலடிச் சத்தம் மேடைப் பக்கம் வந்தது.

"என்னைக் கூப்பிட்டது யாரு?"

லீடர் சந்தேகமே இல்லாமல் என் தங்கச்சி மகளைக் காட்டியிருக்கிறார். அவள் சீட்டு அந்த நிமிஷமே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் சாமியின் கண் மூடியின்மேல் இருந்த என் கையில் விழுந்திருக்கிறது. லபக்கென்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. நான் வந்தேன், நாற்காலி வந்தது, பேனரும் வந்தது.

மண்டபம் நிறைய ஜனம். எல்லாக் கண்ணும் என்மேல். தூண் தூரத்தில் இருந்தது.

"எதுக்குக் கூப்பிட்ட?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "தெரியாமக் கூப்பிட்டுட்டோம் தாயே. வந்தது வந்துட்ட, பொண்ணு மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போ" என்றேன்.

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தர் பர்சுக்குள்ளிருந்து விபூதிப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். சாமி என்னை விடாமலே ரெண்டு பேரையும் கூப்பிட்டு நெற்றி நிறையப் பூசியது. நல்லா இருப்பீங்க என்றது. பொண்ணுடைய அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி சாமி மலையேற வேண்டும். அதைத் திடுமென்று செய்யக்கூடாது. ஒரு கை சாமியிடம் இருந்தது, இன்னொரு கையால் மூடியைப் பிடித்தேன். எப்போதும் துணிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு திருகியவள், அன்றைக்குத்தான் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே திருகினேன். சாமி வந்திருந்த அந்தம்மாவின் தோள் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு மட்டும் திறப்பு. தோள் தணியத் தணிய நானும் மூடினேன். என் தங்கச்சி மகள் என்னைப் பார்த்தபடியே கட்டையில் கையைத் தளர்த்தி வாசித்தாள். கடைசியில் தேன் பூச்சி மாதிரி ஒரு ரீங்காரம் நின்று, அதுவும் போய்விட்டது. அந்தம்மா என் சிவப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்து, சிரப் தண்ணி இருக்கிறதா என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் லீடர் எங்கள் மேசைக்கு வந்தார். முகத்தில் பெண்டிரைவ் தெரிந்தது. அவர் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையின் அத்தை தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, நல்லபடியாக வந்து போனது என்று எல்லாரும் சொல்கிறார்கள், கூப்பிடாமல் வந்து பிள்ளைகளை வாழ்த்தியது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். கல்யாணத்துக்கும் இவர்களே வரவேண்டும் என்று லீடரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னிடம், "உங்க கை ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சுக்கா" என்றார். ஞாபகம் இல்லையே என்று நான் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் நான் எதுவும் கேட்பதில்லை.

லீடர் தொண்டையைக் கனைத்தார். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்தோம்.

"சரி, சீட்டு உனக்குத்தான்மா" என்றார். "ஆனா ஆண்ட்டி, நீங்க இனிமே முன்னால உட்காரணும். பேனர் கிழிஞ்சிருச்சு."

வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்ஸ்காரருக்குப் பின்னால் கொஞ்சம் மறைவாக நாற்காலி போடுங்கள் தம்பி, வருகிறேன் என்றேன். மேசைக்கு அடியில் அவள் கால் என் காலை ஒரு தட்டுத் தட்டியது.

இவ்வளவுதான். தட்டிலிருந்து உருண்டது ஆரஞ்சு என்று எழுதியிருக்கிறேன், அவள் ஆப்பிள் என்கிறாள். அந்தத் திருகுகளின் சரியான பெயரும், எல்லா மெஷினிலும் நம்பர் அப்படிச் சுற்றுமா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி மெஷின் வைத்திருக்கிறவர்களோ, அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களோ இதைப் படித்தால், ஒருதடவை சரிபார்த்துத் திருத்திக்கொடுங்கள்.