மீனைத் தொட்டது எல்லோரும்தான்

எழுபத்திரண்டாம் வருஷம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விஞ்ஞானம் என்றால் கரும்பலகைதான். டீச்சர் படம் போடுவார், நாங்கள் கலர் பென்சிலால் அதைப் பார்த்து வரைவோம். செவுள் சிவப்பு என்று எழுதியவர்களில் பாதிப் பேர் மீனைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது.

அந்த வருஷம் வந்த புது டீச்சரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். தண்ணீரைவிடக் காற்றில்தானே பிராணவாயு அதிகம், அப்புறம் ஏன் வெளியே எடுத்தால் மீன் சாகிறது? வேறு யாராவதாக இருந்தால் "உட்கார்" என்றிருப்பார்கள். இவர், "நாளைக்கு யாராவது ஒரு மீன் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். கடற்கரையில் மீனவர்கள் இருக்கும் நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் ஒருத்தி கையைத் தூக்கினாள். கடைசி பெஞ்சுக்காரி. அதுவரை வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் ஈரத்துணியில் சுற்றி ஒரு பெரிய மீனைக் கொண்டுவந்தாள். லேபில் டீச்சர் சொல்லச் சொல்ல அவளே செவுளை வெட்டியெடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். இழை இழையாக விரிந்தது. வெளியே தூக்கினால் அத்தனை இழையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அட, இப்படி மூடிக்கொண்டால் காற்று எப்படிப் புகும்! ஆளுக்கொரு தரம் முக்கி முக்கி எடுத்துப் பார்த்தோம். என் கேள்விக்கு என் கையிலேயே பதில் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா எகிறினார். "மீனைத் தொட்டுட்டு நேரா ஆத்துக்குள்ள வந்துட்டியா?" என்றவர், காலையில் இன்னும் சில அப்பாக்களைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றார். பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று ஒருத்தராவது கேட்டால்தானே!

தலைமையாசிரியை நேரே வகுப்புக்கு வந்தார். "மீனைக் கொண்டுவரச் சொன்னது நான்தான்" என்று டீச்சர் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. குப்பத்துப் பெண்ணை மட்டும் எழுப்பி, வாளியையும் பினாயிலையும் காட்டி, லேப் முழுக்கக் கழுவிவிடச் சொன்னார்.

"நான் மட்டுமா தொட்டேன்? அல்லாரும்தான் தொட்டாங்க. நான் மட்டும் இன்னாத்துக்குக் கழுவணும்?" என்றாள் அவள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து, "கேள்வி கேட்டதே நான்தான் மிஸ், நானும் கழுவறேன்" என்றேன்.

"நீ உட்காரு. உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று என்னை அடக்கிவிட்டு, அவளிடம் திரும்பினார். "கழுவினா ஸ்கூலுக்கு வா, இல்லேன்னா வராதே."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குத் தெரியாமல் குப்பத்துக்குப் போனேன். ரோட்டோரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். திரும்ப வந்துவிடு என்று கெஞ்சினேன்.

"வந்தா கழுவச் சொல்லுவாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகு டீச்சரும் கரும்பலகைக்கே திரும்பிவிட்டார். முழுப் பரீட்சையில் செவுளைப் பற்றித்தான் கேள்வி வந்தது. வகுப்பே வெளுத்துக்கட்டியது. என் மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் வரவேண்டும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களுக்கு ஆர்வம் வந்துதான் இருந்தது. அதற்கு எங்களுக்கு மார்க்கையும் அவளுக்கு வாளியையும் கொடுத்ததை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.