வெள்ளரி கசந்த வெள்ளிக்கிழமை

எங்கள் அச்சகத்துச் சமையல்காரம்மா வேலையை விட்டுவிட்டு இப்போது மகள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். இனிமேல் இதைச் சொன்னால் யாருக்கும் கேடில்லை.

கோடை முழுக்க, விடிந்ததும் அவரை வேனில் ஏற்றி உழவர் சந்தைக்குக் கூட்டிப் போவது என் வேலை. அன்று எது புதிதாக வந்திருக்கிறதோ அதுதான் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு. எலுமிச்சை பிழிந்த தக்காளி, அவித்த சோளக்கதிர், தயிரில் போட்ட வெள்ளரி, இவ்வளவுதான். ஆனால் சாப்பிட்டவன் தட்டை வழிக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

அந்தம்மா காய் வாங்குவதைப் பார்க்க வேண்டுமே! பீன்ஸை ஒடித்துச் சத்தத்தைக் கேட்பார். முலாம்பழத்தைத் தட்டிக் காதை வைப்பார். தக்காளிக்குக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. வெள்ளரியின் குட்டு மட்டும் வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை நறுக்கி, காம்புப் பக்கத் துண்டை என்னிடம் நீட்டுவார்.

"நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி அண்ணே."

எனக்குத் தலைகால் புரியாது. என் நாக்குக்கு அப்படியொரு மதிப்பு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சந்தை வாசலில் எவனோ லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டான். எனக்கா, மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளரித் துண்டு வந்தது. வாங்கி, அந்தம்மா கண்ணில் படாமல் கீழே போட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஏறும்மா!" என்றேன்.

மதியம் முதல் வாயிலேயே முகங்கள் கோணின. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. "என்னம்மா இது?" என்று சமையலறைக்குள் பாய்ந்தேன். அந்தம்மா அதே வெள்ளரியை நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"காய்ச்சல்ல போயிடுச்சு அண்ணே. வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. தெரிஞ்சா இந்த அடுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க. புள்ளைங்களை இதை வச்சுத்தான் காப்பாத்துறேன்."

அம்மாடி! உப்பைக் கரண்டியால் அளந்து, வெங்காயம் வதங்குவதைக் காதால் கேட்டு, தான் எதையுமே ருசிக்காமல் அறுபது வாய்க்கு ருசி காட்டியிருக்கிறார்! நானோ ஒரு துண்டை மெல்லுவதற்கே அத்தனை அலட்டல். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேலாளர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "யாரு ருசி பார்த்து வாங்கினது?"

"நான்தான் சார். வாயில வைக்காமலே நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அவங்க என்ன செய்வாங்க, பாவம்."

"நல்ல ஆளைப் பிடிச்சீங்கம்மா!" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தாளித்தார். அத்தனையையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் வெள்ளரியைக் கொட்டிவிட்டு, அவசரமாகத் தக்காளி நறுக்கினோம். அந்தம்மா ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு அண்ணே?"

இந்த முறை நன்றாக மென்றேன். "அருமையா இருக்கும்மா. தைரியமா போடு."

"போடுறதுக்குக் கேக்கல அண்ணே. தக்காளி எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன். எனக்கு மறந்துபோச்சு."

வாயாடி என்று பெயரெடுத்தவன் நான். இன்னொரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை தேடினேன்.