அண்ணன் கொண்டுவந்த கடுகு

என் அண்ணன் புனித நாட்டுக்குப் போய்வந்த பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது. அதுவரை ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஏலக்காரர்களோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த படகுக்காரர். வந்த மறுநாளே வெள்ளை வேட்டி, கழுத்தில் ஒலிவ மரச் சிலுவை, எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு. அங்கே அவர் பாதி நேரம் பஸ்ஸில் தூங்கினார் என்று கூடப்போன மதினி என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் தெருவில் அவர் பேசுவதைக் கேட்டால் சேசுவே கூட நடந்து வழிகாட்டினார் என்று தோன்றும்.

கலிலேயாப் பக்கம் எங்கோ பஸ் நின்றபோது சாலையோரப் புதரில் கறுத்துக் காய்ந்த காய்களைப் பறித்து, சாக்ஸுக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார். ஆண்டவர் உவமையில் சொன்ன கடுகுச் செடி அதுதானாம். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மனதில் பட்டதாம்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டச் சொன்னேன். இலை இருக்கிறதா என்று தேட வேண்டிய பச்சைக் குச்சிகள், துடைப்பத்தைக் கவிழ்த்து நட்டது மாதிரி. நுனியில் மஞ்சள் பூக்கள். கடுகுப் பூவுக்கு நாலு இதழ், சிலுவைபோல விரிந்திருக்கும். இது சணப்பைப் பூவைப்போல, சிறகு விரித்த பூச்சி வடிவம். காயும் அவரைக் குடும்பத்துக் காய். விதை உருண்டையாக இல்லை, தட்டையாகப் பழுப்பாக இருந்தது. கழுத்தில் சிலுவை தொங்கவிட்டிருக்கிற மனிதருக்குச் சிலுவை மாதிரிப் பூக்கிற செடி எதுவென்று தெரியவில்லை.

"நீ பிள்ளையளுக்குச் சொல்லிக் குடு. எனக்குச் சொல்லாத" என்றார்.

அந்த வாரமே படங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்தேன். ஸ்பானிஷ் புரூம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் மலைச்சரிவிலும் ரோட்டோரத்திலும் தானாக வளர்கிற புதர். விதையில் விஷம் உண்டு. அதையும் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த மண்ணில் விஷம் விளையுமா என்று மதினியைப் பார்த்துக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று விதையைச் சின்னச் சின்னக் கவரில் போட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் தொட்டியில் சாணி எருவை அமுக்கிப் புதைத்து, தினமும் தண்ணீரை ஊற்றி, முன்னால் மெழுகுவத்தியும் ஏற்றினார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையின் தோல் கல் மாதிரி இருக்கிறதே, தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. அண்ணன் சொன்ன காரணம், அந்த வீடுகளில் செபம் போதவில்லை என்பது. அதையும் கேட்டுத் தலையாட்டினார்கள்.

நான் மதினியிடம் ஒரு பிடி விதை வாங்கிவந்து உப்புத்தாளில் தேய்த்தேன். வெந்நீரில் ஊறப்போட்டேன். எரு எதுவும் கலக்காமல் வெறும் மணலும் பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரையும் போட்டு ஊன்றினேன். முளைத்தது. பக்தியால் செய்த வேலை இல்லை, அவர் வாயை அடைக்கத்தான் செய்தேன். மூன்று கன்றுகளில் ஒன்றை மதினி மீன் கழுவின தண்ணீரை ஊற்றி வளர்க்கப் பார்த்தார், கருகிப்போனது. இன்னொன்று ஐப்பசி மழையில் வேர் அழுகிச் செத்தது. ஒன்று நின்றது.

வாய் அடையவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "இங்கன பாருங்க, உப்புக்காத்துல, வெறும் மணல்ல நிக்குது" என்று தன் சாதனையைப்போலக் காட்டினார். உப்புத்தாளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அவருடைய குரல் கொஞ்சம் உயரும்.

அடுத்த கோடையில் ஒரு காலை மதினி போன் செய்தார். அண்ணனுக்கு வாந்தி நிற்கவில்லை, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, என்ன சாப்பிட்டாரென்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை இருந்தது, புனித நாட்டு விதை அதைத் தீர்த்துவிடும் என்று நம்பியிருப்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்படியில் மிக்ஸி ஜார், அடியில் பழுப்புத் தூள், பக்கத்தில் மோர்த் தம்ளர்.

ஆம்புலன்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மாரடைப்பாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அண்ணன், முந்தின நாள் தின்ற நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று முனகினார். நான் மிக்ஸி ஜாரையும் மிச்ச விதையையும் மேசைமேல் வைத்து, செடியின் பெயரையும் அதிலுள்ள விஷத்தையும் சொன்னேன். டாக்டர் போனில் தேடிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் செத்துப்போனால் கடைசியாகச் சொன்னது ஒரு நண்டுப் பொய்யாக இருக்குமே என்று எனக்குக் கோபம் பொங்கியது.

பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் சாயங்காலம், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, மதினி டீ வாங்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஊருல நண்டுன்னே சொல்லு, தாயி."

"சொல்ல மாட்டேன்."

"எனக்காக."

"உங்களுக்காகத்தான் டாக்டர்ட்ட உண்மையச் சொன்னேன். ஊருல எத்தன வீட்டுல அந்தக் கவர் கெடக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடுவீடாகப் போய்க் கவர்களைக் கேட்டேன். பெரும்பாலோர் கொடுத்தார்கள். சிலர் எலி தின்றுவிட்டது என்றார்கள். ஒரு அம்மா, மாதாவுக்குப் பின்னால் வைத்திருப்பதை எடுத்தால் பாவம் வருமே என்று என்னிடமே கேட்டார். எடுத்துக்கொண்டுதான் வந்தேன். எல்லாரிடமும் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். ஆனால் ஊருக்கு நண்டுக் கதைதான் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்ற அண்ணன் இப்போது விருந்துகளில் நண்டைத் தொடுவதில்லை, அலர்ஜி என்கிறார். படகில் வருகிற நல்ல நண்டுகளை மதினி எனக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த வருஷம் செடி பூத்தது. நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொத்தாக வரவில்லை, குச்சிக்கு ஒன்றிரண்டு. வாசனை மட்டும் தேனைப்போல வாசல்வரை வந்தது. பார்க்க அண்ணன் வரவில்லை. மதினி வந்தார். குனிந்து மோந்து பார்த்தார், சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதுக்கா இம்புட்டும்?" என்றார்.

ஆமாம் என்றேன். பூ உதிர்ந்து காய் பிடிக்கத் தொடங்கியதும், பச்சையாக இருக்கும்போதே எல்லாக் காய்களையும் நறுக்கிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.