இருபத்திரண்டு மீற்றர் எண்பத்தாறு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2006 மே. மொன்றியலில் கட்டடக்கலை, கடைசி வருடம். பழைய கட்டடங்களை நேரில் அளந்து வரைபடம் கொடுத்தால்தான் பட்டம். அதற்காக இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா கர்க்லாண்டில் பணக்காரர் வீடுகள் துடைக்கிறாள். பிழைவிட எனக்கு வசதியில்லை.

காலையில் கோபுரவாசலையும் இரண்டு தேவாலயங்களையும் முடித்தோம். கூட வந்தவள் ஹர்ஷினி. சென்னைக்காரி. படிப்பில் கெட்டி, வேலையில் கள்ளி. மூன்றாவது தேவாலயம் எழுநூறு வருடம் பழையது. மதியம் 2.10. ஊரே கதவடைத்துத் தூங்கியது. கதவுத் திறப்பைக் கையில் தந்த கிழவர் வாசற்படியைத் தாண்டவில்லை. எங்கள் நிறத்தைப் பார்க்கிறார் என்று கொதித்தேன்.

உள்ளே இருட்டு. அளவுநாடாவின் நுனியோடு ஹர்ஷினி பீடப்பக்கம் போனாள். கடைசிச் சுவரடியில் குந்தி, நுனியை அழுத்திப் பிடித்து, இரண்டு தரம் இழுப்பாள். வாசலில் நாடாச் சுருளோடு நிற்கும் நான் அளவை எழுதுவேன். அதுதான் எங்கள் முறை.

நாடா ஓடியது. கர்ர்ர்... நின்றது. பிறகு மறுபடி ஓடியது. மெதுவாக. காலடிச் சத்தமே இல்லை.

"ஹர்ஷி?"

2.17. இரண்டு இழுப்பு. 22.86. எழுதினேன்.

"முடிச்சிட்டியாடி?"

குரல் என் முதுகுக்குப் பின்னால். வெயிலில் ஹர்ஷினி நின்றாள்.

"நீ எப்பிடி வெளியில வந்த?"

"பக்கத்துக் கதவு வழியா. உள்ள ஒரே நாத்தம். பாதியிலேயே நுனிய கீழ வெச்சிட்டு வந்துட்டேன்."

"அப்ப ஆர் இழுத்தது?"

"என்னக் கேட்டா?"

கையில் நாடா அசைந்தது.

ஒரு தரம்.

இரண்டு...

போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே யாரையோ ஒளித்துவைத்து ஹர்ஷினி ஆடிய கள்ள விளையாட்டு என்றே நினைத்தேன். மொன்றியல் வரும்வரை அவளோடு கதைக்கவில்லை.

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். பழைய பதிவுகளில் உள்நீளம் பதினெட்டு மீற்றர்தான், இது இட்டுக்கட்டிய அளவு, திருத்தாவிட்டால் பட்டமில்லை என்றார்.

"ஒரு இலக்கந்தானே மகள், மாத்திக் குடுவன்" என்றாள் அம்மா.

"ஆர் இழுத்தாலும் நாடா பொய் சொல்லாது. அளந்ததை ஏன் மாத்த?"

மாற்றவில்லை. பட்டம் நின்றது.

2007 அக்டோபரில் பேராசிரியரே கூப்பிட்டார். அந்த மூன்றாவது தேவாலயத்தைப் பழுதுபார்த்தவர்கள் பீடத்துக்குப் பின்னால் ஒரு கல்மதிலை இடித்தார்களாம். கொள்ளைநோய்க் காலத்தில் கட்டியது. கதவில்லை, நூல் நுழைய இடைவெளியில்லை. மதிலுக்கு அப்பால் உள்ளதையும் சேர்த்தால் நீளம் 22.86. என் பட்டம் சரி என்றார்.

ஒரு படத்தையும் காட்டினார். பதினொரு எலும்புக்கூடுகள். பத்து, மதிலோடு குவிந்து கிடந்தன.

ஒன்று மட்டும் கடைசிச் சுவரடியில் குந்தியிருந்தது. ஒரு கையைச் சுவரில் அழுத்தியபடி.